டிரம் செட்டுக்கு ஹெட் தேர்வு: ஓசை, சுருதி, உழைப்பு

டிரம்மின் ஓசையைத் தீர்மானிப்பதில் ஷெல்லின் மரத்தைவிட ஹெட்டுக்கே பங்கு அதிகம். குச்சி படுவது அதன்மேல்; முதலில் அதிர்வதும் அதுதான். மேப்பிளா பிர்ச்சா என்ற விவாதம் கடைகளில் நெடுநேரம் நடக்கும். ஆனால் குழி விழுந்து தளர்ந்த ஹெட்டை மாட்டினால் இரண்டும் ஒரே மாதிரி மந்தமாகத்தான் ஒலிக்கும். விலை குறைந்த செட்டில் நல்ல ஹெட்டைப் பூட்டி ஒழுங்காகச் சுருதி கூட்டினால், அது அடுத்த விலைப்படியில் உள்ள செட்டுக்கு ஈடுகொடுப்பது உண்டு. ஆகவே, வைத்திருக்கும் செட்டின் ஓசை பிடிக்காதவர் புதுச் செட்டின் விலையை விசாரிக்கும் முன் ஹெட்டைக் கவனிக்க வேண்டும்.

1950களின் நடுப்பகுதி வரை இந்த வாத்தியங்களுக்குக் கன்றுத்தோல்தான். இதமான ஓசை தந்தாலும் ஈரக்காற்றில் அது தொய்ந்துவிடும், வறண்ட காற்றில் விறைத்துவிடும். பேஸ் டிரம்மின் உள்ளே மின்விளக்கை எரியவிட்டுத் தோலை உலர்த்தியவர்கள் உண்டு. டூபான்ட் நிறுவனம் மைலார் என்ற பெயரில் விற்ற பாலியெஸ்டர் படலம் வந்த பிறகு நிலைமை மாறியது. 1956இல் சிக் எவான்ஸும் 1957இல் ரீமோ பெல்லியும் அந்தப் படலத்தை வளையத்தில் பிணைத்து ஹெட்டாக விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். எவான்ஸ், ரீமோ என்ற பெயர்கள் இன்றும் ஹெட்டின் விளிம்பில் அச்சாகி வருகின்றன. பாலியெஸ்டர் ஈரத்தை அவ்வளவாக உறிஞ்சாது. மழைக்காலத்திலும் சுருதி பெரிதாக இறங்காது. ராக் இசையின் பலத்த அடியைத் தாங்கவும் இந்தப் படலமே உதவியது.

தடிமனும் அடுக்கும்

ஹெட்டின் தடிமனை மில் என்ற அளவில் சொல்வார்கள். ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பகுத்தால் அதில் ஒரு பங்கு ஒரு மில், அதாவது 0.0254 மில்லிமீட்டர். 10 மில் தடிமனுள்ள ஒற்றைப் படலம் எல்லாவற்றுக்கும் நடுவான அளவு. ரீமோவின் அம்பாசடர், எவான்ஸின் ஜி1 இரண்டும் இந்த வகை. 7.5 மில் டிப்ளமேட் அதைவிட மெலிது. ரீமோவின் எம்பரரிலும் எவான்ஸின் ஜி2விலும் 7 மில் படலங்கள் இரண்டு ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். அக்வேரியனின் சூப்பர்-2இல் 7 மில்லும் 5 மில்லும் சேர்ந்திருப்பதால், இரட்டை அடுக்காக இருந்தும் அது சற்று இலகுவாகவே வேலை செய்யும்.

தடிமன் கூடும்போது என்ன நடக்கிறது என்பதற்கு எளிய இயற்பியல் உண்டு. படலத்தின் சுருதி அதன் விறைப்பின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்திலும், பரப்புக்குரிய எடையின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்திலும் மாறும். ஒரே விறைப்பில் 10 மில்லை எடுத்துவிட்டு 14 மில்லைப் பூட்டினால், கணக்குப்படி சுருதி ஏறத்தாழ மூன்று அரைச்சுரம் இறங்கும். ஷட்ஜத்துக்கும் சாதாரண காந்தாரத்துக்கும் உள்ள தூரம் அது. நடைமுறையில் படலத்தோடு சேர்ந்து அசையும் காற்றும் கீழ் ஹெட்டும் குறுக்கிடுவதால் இறக்கம் இவ்வளவு இராது. ஆனால் திசை அதுதான். கனமான ஹெட்டைப் பழைய சுருதிக்கே கொண்டுவர அதிக விறைப்பு வேண்டும். அப்போது அது இறுகி, மெல்லிய தொடுகைக்குப் பதில் சொல்லாமல் போகும். எனவே உயர்ந்த சுருதியில் வாசிப்பவருக்கு மெல்லிய ஒற்றைப் படலமும், தாழ்ந்த கனத்த ஓசை கேட்பவருக்கு இரட்டை அடுக்கும் பொருந்தும். கனமான ஹெட்டை உச்சிக்கு இழுப்பதும், மெல்லியதைக் கொழகொழவென்று தளரவிடுவதும் படலத்தைச் சீக்கிரம் பாழாக்கும்.

ஒற்றைப் படலம் திறந்த ஓசை தரும். கார்வை நீளும், மேற்சுரங்கள் தாராளமாக ஒலிக்கும், விரல் நுனி பட்டாலும் கேட்கும். இரட்டை அடுக்கில் படலங்கள் ஒன்றோடொன்று உராய்ந்து அதிர்வின் ஒரு பகுதியை விழுங்கிவிடுகின்றன. அதனால் கார்வை குறுகி, அடியின் அழுத்தம் முன்னுக்கு வரும். மெல்லிசைக் குழு, தேவாலயம், கல்லூரி பேண்ட் என்று ஒலிபெருக்கியோடு வாசிக்கும் இடங்களில் இரட்டை அடுக்கு டாம்களுக்கு மைக் வைப்பது எளிது. ரீங்காரத்தை அடக்க ஒலிப்பொறியாளர் போராட வேண்டியதில்லை. மைக் இல்லாத சிறிய அறையில் அதே ஹெட் அட்டையைத் தட்டுவதுபோல் கேட்கும்.

பூச்சு, அடக்கம், பொட்டு

தெளிந்த படலத்தின் மேல் வெள்ளைப் பூச்சு தெளித்தால் அது கோட்டட் ஹெட். பூச்சு கொஞ்சம் எடை கூட்டும், உச்ச மேற்சுரங்களைச் சற்று மழுக்கும், ஓசைக்கு வெதுவெதுப்பு தரும். வித்தியாசம் சிறியதுதான், இசைக்குழுவின் நடுவே உட்கார்ந்து கேட்பவருக்கு அது தெரியாமலும் போகலாம். ஒரு விஷயத்தில் மட்டும் விவாதத்துக்கு இடமில்லை: பிரஷ் வாசிப்பவருக்குச் சொரசொரப்பான மேற்பரப்பு வேண்டும். வழுவழுப்பான தெளிந்த படலத்தில் பிரஷை இழுத்தால் ஓசையே எழாது. ஸ்நேருக்குக் கோட்டட் என்பது வழக்கமாகிப் போனதற்கு இதுவே முக்கியக் காரணம்.

ரீங்காரத்தைத் தொழிற்சாலையிலேயே குறைத்து அனுப்பும் ஹெட்களும் உண்டு. பின்ஸ்ட்ரைப்பில் இரு படலங்களுக்கும் இடையே ஓரத்தில் அடக்கும் பொருள் பூசியிருக்கும். பவர்ஸ்ட்ரோக் 3இல் 10 மில் படலத்தின் அடியில் ஓரமாக இன்னொரு வளையப் படலம் ஒட்டியிருக்கும். 1970களில் பரவிய எவான்ஸ் ஹைட்ராலிக்கில் இரு படலங்களுக்கு நடுவே எண்ணெய் இருக்கும். அடித்தவுடன் “தப்” என்று நின்றுவிடும் அந்த ஓசை அக்கால ஒலிப்பதிவுக் கூடங்களுக்குப் பிடித்திருந்தது. சுருதி கூட்டத் தெரியாதவருக்கும் இவை ஓரளவு சுத்தமான ஓசை தரும் என்பது உண்மை. ஆனால் ஹெட்டுக்குள்ளேயே வைத்த அடக்கத்தை வெளியே எடுக்க முடியாது. திறந்த ஹெட்டை வாங்கி, தேவைப்பட்டால் மேலே ஒரு துண்டு ஜெல் ஒட்டுவதோ டேப்பை மடித்து ஒட்டுவதோ இதைவிட நல்ல வழி. 1960களின் பிற்பகுதிப் பதிவுகளில் ரிங்கோ ஸ்டார் தேநீர்த் துண்டுகளை டிரம்களின் மேல் விரித்து இதையே செய்தார். வாசித்து முடித்ததும் துண்டை எடுத்துவிடலாம்.

நடுவே வட்டப் பொட்டு ஒட்டிய ஹெட் வேறொரு வகை. சீரான வட்டப் படலத்தின் மேற்சுரங்கள் அடிப்படைச் சுருதியின் 1.59, 2.14, 2.30 மடங்குகளில் எழும். முழு எண் மடங்குகள் அல்லாததால் அவை கம்பியின் மேற்சுரங்களைப்போல ஒன்றோடொன்று இசையாது. மிருதங்கத்தின் வலந்தலையில் கரணையைப் படிப்படியாக ஏற்றும்போது அந்த மடங்குகள் முழு எண்களை நெருங்குகின்றன. சி.வி. ராமனும் சிவகாளி குமாரும் 1920இல் நேச்சர் இதழில் இதை விளக்கினார்கள். டிரம் செட்டின் கறுப்புப் பொட்டைப் பார்த்ததும் கரணை நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் வேலை வேறு. சில மில் தடிமனே உள்ள பொட்டால் மேற்சுரங்களை முழு எண் வரிசைக்குக் கொண்டுவர முடியாது. நடுப்பகுதி தேயாமல் காப்பதும், அடியைக் கொஞ்சம் குவித்துத் தருவதும்தான் அதனால் ஆவது. பொட்டை அடிப்புறத்தில் ஒட்டிய வகையில் மேற்பரப்பு முழுவதும் பூச்சு இருக்கும், பிரஷுக்கும் தடையில்லை.

டிரம்முக்குத் தக்க ஹெட்

ஸ்நேரின் மேல்பக்கத்துக்கு 10 மில் கோட்டட் ஒற்றைப் படலத்தோடு தொடங்குவது பாதுகாப்பானது. ஜாஸ், ராக், திரைப்பாடல் எதற்கும் அது ஒத்துவரும். சுருதியை மேலே கொண்டுபோகவும் கீழே இறக்கவும் அதில் இடம் உண்டு. ரிம்ஷாட்டை ஓயாமல் அடிப்பவர் இரட்டை அடுக்குக்கோ பொட்டு வைத்ததற்கோ போகலாம். ஆனால் பேய்த்தொடுகைகள், அதாவது கேட்டும் கேளாமலும் இடையிடையே வைக்கும் மெல்லிய அடிகள், கனத்த ஹெட்டில் புதைந்துவிடும்.

ஸ்நேரின் அடிப்பக்கத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அங்கே பூட்டுவதற்கென்றே தனி ஹெட் உண்டு. வழக்கமான தடிமன் 3 மில், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பன்னிரண்டில் ஒரு பங்குக்கும் குறைவு. இவ்வளவு மெலிதாக இருந்தால்தான் கம்பிகள் சிறு அதிர்வுக்கும் சிலிர்க்கும். தவறி 10 மில் ஹெட்டை அங்கே பூட்டினால் கம்பிகள் செத்துப்போகும். ஸ்நேர் டாம்போல ஒலிக்கிறது என்று வரும் புகார்களில் சிலவற்றுக்கு இதுதான் காரணம். விரலால் அழுத்தினாலே நிரந்தரமாகக் குழி விழும் மென்மை அந்தப் படலத்துக்கு உண்டு. செட்டைத் தூக்கி அடுக்கும்போது அந்தப் பக்கத்தை எதன்மேலும் வைக்கக் கூடாது.

டாம்களுக்கு மேலே தெளிந்த இரட்டை அடுக்கு, கீழே தெளிந்த 10 மில் ஒற்றைப் படலம் என்பது ராக், பாப் இசையில் ஊறிப்போன ஜோடி. கீழ் ஹெட் அடி வாங்குவதில்லை. மேலிருந்து வரும் காற்றின் தள்ளலுக்கு அதிர்ந்து கார்வையை நீட்டுவதுதான் அதன் பொறுப்பு. அங்கே இரட்டை அடுக்கைப் போட்டால் அந்தக் கார்வை பாதியில் அறுந்துவிடும். கீழ் ஹெட்டே இல்லாத டாம்களும் உண்டு. ஃபில் காலின்ஸின் டாம்களில் கேட்கும் குறுகிய, கூரிய தாக்கம் அவ்வகை டாம்களுக்குரியது. ஜாஸ் வாசிப்பவர்கள் பெரும்பாலும் மேலேயும் கோட்டட் ஒற்றைப் படலத்தை வைத்து, சிறிய டாம்களை உயர்ந்த சுருதியில் பாட விடுவார்கள்.

பேஸ் டிரம்முக்கு ஓரத்தில் அடக்கம் வைத்த ஹெட்டையே பெரும்பாலோர் தேர்கிறார்கள். பவர்ஸ்ட்ரோக் 3, அல்லது வெளிப்புற வளையத்தில் நுரைப்பட்டையை மாற்றிப் பொருத்தக்கூடிய எவான்ஸ் இமேட் போன்றவை 22 அங்குல டிரம்மில் தலையணை திணிக்கும் தேவையையே பெரிதும் குறைத்துவிடும். பீட்டர் படும் இடத்தில் ஒரு சிறு பட்டை ஒட்டுவது கட்டாயம் என்றே சொல்லலாம், மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன பீட்டரானால் கட்டாயமே. முன்பக்க ஹெட்டில் மைக்குக்காக நடுவிலிருந்து விலகி நான்கைந்து அங்குலத் துளை இட்டால் ஓசையின் உடல் கெடாது. துளை பெரிதாகப் பெரிதாக முன் ஹெட் அதிர்வதை நிறுத்தி, வெறும் அடியின் சத்தமே மிஞ்சும். 18 அங்குல ஜாஸ் பேஸ் டிரம்முக்குத் துளையும் வேண்டாம், அடக்கமும் வேண்டாம். அது டாம்போலவே பாட வேண்டியது.

பூட்டுதலும் சுருதி கூட்டுதலும்

வாங்கும் முன் அளவைச் சரிபார்க்க வேண்டும். ஹெட்டின் அளவு என்பது ஷெல்லின் விட்டம்; ரிம்மை அளந்துவிட்டுக் கடைக்குப் போனால் ஒரு அளவு பெரிதாக வாங்கிவர நேரும். 1960களின் பிற்பகுதிக்கு முந்தைய பிரிட்டிஷ் பிரீமியர் டிரம்கள் சிலவற்றின் விட்டம் இன்றைய பொது அளவுக்குச் சற்று மாறுபடும். பழைய செட்டை வாங்குபவர் இதை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

பழைய ஹெட்டைக் கழற்றும்போது ஒரு டென்ஷன் ராடை முழுக்கத் தளர்த்திவிட்டு அடுத்ததற்குப் போகக் கூடாது, ரிம் கோணும். எல்லாவற்றையும் சிறிது சிறிதாகச் சுற்றிவர இளக்க வேண்டும். ஹெட் வந்ததும் ஷெல்லின் விளிம்பை உலர்ந்த துணியால் துடைத்து, விரலை மெல்ல ஓட்டிப் பார்க்க வேண்டும். அதில் பிசிறோ பள்ளமோ இருந்தால் எந்த ஹெட்டாலும் அந்த டிரம் சுருதி சேராது. ரிம்மை ஒரு கண்ணாடிப் பலகைமேல் வைத்தால் அது வளைந்திருக்கிறதா என்று உடனே தெரியும். கடலோர ஊர்களில் படலத்தை உப்புக்காற்று ஒன்றும் செய்யாது, துருப்பிடிப்பது ராடுகள்தான். ஹெட் மாற்றும் நாளே அவற்றின் மரையைத் துடைத்துச் சிறிது கிரீஸ் தடவச் சரியான நாள்.

கீழ் ஹெட்டிலிருந்து தொடங்குவது வசதி. ஹெட்டை விளிம்பில் வைத்தால் அது எங்கும் பிடிக்காமல் சுழல வேண்டும். ரிம்மைப் போட்டு, எல்லா ராடுகளையும் விரலால் முடிந்தவரை இறுக்கியபின் டிரம் கீயை எடுக்கலாம். ஒன்றை அரைச் சுற்று திருப்பினால் அடுத்து அதற்கு நேர் எதிரே உள்ளது. வரிசையாக வட்டமாகப் போனால் படலம் ஒரு பக்கமாக இழுபட்டுவிடும். சுருக்கங்கள் மறைந்ததும் உள்ளங்கையால் நடுவில் அழுத்தி ஹெட்டை விளிம்பில் படியவைக்க வேண்டும். அப்போது ஓரத்தில் பசை நொறுங்கும் சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம், படலம் கிழியவில்லை. ஸ்நேரின் 3 மில் அடி ஹெட்டுக்கு மட்டும் இந்த அழுத்தம் கூடாது.

பிறகுதான் காது வேலை செய்யத் தொடங்குகிறது. நடுவில் ஒரு விரலை இலேசாக வைத்து, ஒவ்வொரு ராடுக்கும் அருகே ரிம்மிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் உள்ளே குச்சி நுனியால் தட்டினால் அந்தந்த இடத்தின் சுருதி தனியாகக் கேட்கும். எல்லா இடமும் ஒன்றாகும்வரை திருத்த வேண்டும். ஓரிடம் அதிகமானால் வேண்டிய சுருதிக்குக் கீழே இறக்கி, மறுபடி ஏற்றிக்கொண்டு வந்து நிறுத்த வேண்டும். மேலிருந்து இறக்கி நிறுத்திய ராட் மரையின் தளர்ச்சியால் வாசிக்கும்போது மேலும் இறங்கும். ரீங்காரம் அதிகம் என்று ஹெட்டைக் குறை சொல்வதற்கு முன் இந்தச் சுற்றை இன்னொரு முறை செய்து பார்க்கலாம். பெரும்பாலும் ஒரே ஒரு ராட் விலகி நின்று அதிர்வை நடுங்கவைத்துக்கொண்டிருக்கும்.

மேல், கீழ் ஹெட்களுக்கு இடையிலான உறவுதான் டாமின் குணம். இரண்டும் ஒரே சுருதியில் இருந்தால் கார்வை மிக நீளும். கீழ் ஹெட்டைச் சற்று ஏற்றினால், சாதாரண காந்தார தூரம்வரை, ஓசை தெளிந்து அளவோடு முடியும். மேடையில் அதிகம் காணப்படும் ஏற்பாடு இது. கீழ் ஹெட்டை மேலதைவிட இறக்கினால் அடித்தவுடன் சுருதி சரிவதுபோல ஒரு சாய்வு வரும். அடுத்தடுத்த டாம்களுக்கு இடையே காந்தாரத் தூரமோ மத்யமத் தூரமோ வைத்தால் உருட்டி வரும்போது இனிமையாக இறங்கும். 10, 12 அங்குல டாம்களுக்கும் 16 அங்குல ஃப்ளோர் டாமுக்கும் ஒரே வகை ஹெட்டைப் பூட்டினால் இந்த இறக்கம் இன்னும் சீராக இருக்கும்.

ஸ்நேரின் அடி ஹெட்டை இறுக்கமாகவே வைக்க வேண்டும். ராடருகே 300 முதல் 400 ஹெர்ட்ஸுக்குள் என்பது புழக்கத்தில் உள்ள எல்லை. டாமை அடிக்கும்போதெல்லாம் ஸ்நேர் கம்பிகள் தாமாகக் கரகரத்தால், அந்த டாமின் சுருதியும் ஸ்நேரின் சுருதியும் நெருங்கியிருக்கிறது என்று பொருள். இரண்டில் ஒன்றைக் கொஞ்சம் நகர்த்தினால் கரகரப்பு வெகுவாக அடங்கும். முழுவதும் போகாது, அதை டிரம் செட்டின் இயல்பாக ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

எவ்வளவு நாள் உழைக்கும்

தடித்த ஹெட் அதிக நாள் உழைக்கும் என்பது பாதி உண்மை. ஹெட்டைக் கொல்வது பெரும்பாலும் குச்சியின் கோணம். செங்குத்தாக நுனியைக் குத்தினால் இரட்டை அடுக்கிலும் ஓர் இரவிலேயே குழிகள் விழும். குச்சி தாழ்வாகச் சாய்ந்து வந்து எழும்பினால் ஒற்றைப் படலமே மாதக்கணக்கில் தாங்கும். தளர்ந்த ஹெட்டில் குழி சுலபமாக விழுகிறது, ஏனென்றால் அடியைத் திருப்பி அனுப்பும் விறைப்பு அதில் இல்லை. நுனி சிதைந்த மரக்குச்சி படலத்தைக் கீறும். குச்சியை மாற்றுவது ஹெட்டை மாற்றுவதைவிட மலிவு.

அணிவகுப்பு ஸ்நேர்களில் வரும் கெவ்லார் போன்ற அராமிட் இழை ஹெட்கள் உறுதிக்குப் பேர்போனவை. அவற்றை இழுக்கும் கடும் விறைப்பைத் தாங்கவென்றே அந்த டிரம்கள் கட்டப்படுகின்றன. சாதாரணச் செட்டின் ஷெல்லில் அந்த விறைப்பை ஏற்றினால் ஷெல்லோ லக்கோ பழுதாகலாம். கை மணிக்கட்டுக்கும் அவ்வளவு கடினமான பரப்பு நல்லதல்ல. வீட்டில் செட்டை உழைக்கவைக்க அது வழியல்ல.

மாற்ற வேண்டிய நேரத்தைக் கிழிசல் சொல்வதற்கு வெகு முன்பே காது சொல்லிவிடும். சுருதி கூட்டிய சிறிது நேரத்தில் இறங்குவது, எவ்வளவு திருத்தியும் ராடருகே ஒரே சுரம் வராதது, ஓசை அட்டைபோலத் தட்டையாவது ஆகியவை படலம் நீண்டுபோனதன் அடையாளங்கள். ஹெட்டின் மேல் ஒரு நேர்க்கோலை வைத்துப் பார்த்தால் நடுவில் இடைவெளி தெரியும். கோட்டட் ஹெட்டில் நடுவே பூச்சு உதிர்ந்து தெளிந்த வட்டம் தோன்றுவது மட்டும் மாற்றக் காரணமல்ல. பிரஷ் வாசிக்காதவர் அதே ஹெட்டில் தொடரலாம். ஸ்நேரின் மேல் ஹெட்தான் முதலில் போகும், அடுத்து டாம்கள், கடைசியாக பேஸ் டிரம். கீழ் ஹெட்கள் அடிபடாததால் வருடக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். அவையும் இழுபட்டுக்கொண்டேதான் இருக்கின்றன. மேல் ஹெட்டை இரண்டு மூன்று முறை மாற்றும்போது கீழதையும் ஒரு முறை மாற்றுவது பொருத்தம். கழற்றிய பழைய ஸ்நேர் ஹெட்களில் குழி குறைந்த ஒன்றைப் பையில் வைத்திருக்கலாம். கச்சேரியின் நடுவே புதிய ஹெட்டைப் பூட்டி, அது படிந்து சுருதி நிலைக்கக் காத்திருக்க நேரமிருக்காது. ஏற்கெனவே இழுபட்டு நிலைத்த பழையது சில நிமிடங்களில் தயாராகிவிடும்.